பாதி மீசையும் பாதிப் பாட்டும்

எனக்குப் பிறகு நீங்கள் உட்காரப் போகும் நாற்காலி இடது பக்கம் கொஞ்சம் சாயும். பழுது என்று நினைத்துவிட வேண்டாம். ஏதாவது தப்பாகப் போனால் கதவு இடது பக்கம்தான் இருக்கிறது. பதினான்கு வருடம் நான் அந்தப் பக்கமாகவே ஓடத் தயாராக உட்கார்ந்திருந்ததில் நாற்காலிக்கும் அதே புத்தி வந்துவிட்டது.

பொத்தான்கள், ஒலி அளவு, மாடியில் இருக்கும் ஒலிபரப்புக் கோபுரம், மின்சாரம் எல்லாவற்றையும் பாஷா பாய் சொல்லித் தருவார். நம் வானொலியின் ஒரே தொழில்நுட்பக்காரர் அவர். திருவண்ணாமலையில் நான்கு தலைமுறையாக ரேடியோ ரிப்பேர் பார்த்த குடும்பம். நான் சொல்லித்தர வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பயந்து நடுங்கும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது. அதில் எனக்கு இந்த மாவட்டத்திலேயே அனுபவம் ஜாஸ்தி.

நம் ‘கேட்டுப் பாருங்க’ நிகழ்ச்சி மற்றதைப் போலக் கிடையாது. நேயர் கேட்டு நாம் போடுவது எல்லா வானொலியிலும் உண்டு. இதில் நமக்குப் பிடித்துப்போன பாட்டை நேயருக்குச் சொல்கிறோம். சினிமாப் பாட்டு கிடையாது. வாடகை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடார் வாசிக்கும் பையன், வேர்க்கடலை ஆயும்போது பாடும் அக்கா, கூத்துக்காரர், பம்பைக்காரர் என்று யாருக்கும் தெரியாதவர்களின் பாட்டு. ‘இது எனக்குப் பிடிச்சிருக்குது, நீங்களும் கேட்டுப் பாருங்க’ என்பதுதான் மொத்த நிகழ்ச்சியும். இதில் என்ன ஆபத்து இருந்துவிட முடியும் என்றுதான் நானும் நினைத்தேன்.

முதலில் ஒரு சின்ன ஆபத்தைச் சொல்கிறேன். பெரிய ஆபத்துக்கு விதை அதுதான்.

நம் ஊர்ப் பையன் ஒருவன் தானே எழுதி, தானே இசையமைத்து, தானே பாடி ஒரு பாட்டை அனுப்பியிருந்தான். காதலி பேசாமல் போய்விட்டதைப் பற்றியது. நான்காவது நிமிடத்தில் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். நாற்பது விநாடி மௌனம். பிறகு ஒரே ஒரு குரல் மட்டும் திரும்பி வரும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய், ஒரு புதன்கிழமை அதைப் போட்டேன். மௌனம் தொடங்கிய பத்தாவது விநாடியில் தொலைபேசி அடித்தது. “இன்னாங்க, ரேடியோ செத்துப்போச்சா?” இருபதாவது விநாடியில் பாஷா பாய் செருப்பைக் கழற்றிவிட்டு மாடிக்கு ஓடினார். நாற்பதாவது விநாடியில் குரல் திரும்பி வந்தபோது அவர் கோபுரத்தில் பாதி உயரத்தில் இருந்தார். கீழே இறங்கி வந்து மூச்சு வாங்கியபடி சொன்னார்:

“தோ பாருங்க, எனக்கு வயசு ஜாஸ்தி ஆவுது, முட்டி கம்மி ஆவுது. இனிமே எந்தப் பாட்டா இருந்தாலும் நாலு நிமிஷம். அதுக்கு மேல போற பாட்டுல எவன் எங்க வாயை மூடுவான்னு எனக்குத் தெரியாது.”

மௌனத்துக்கும் நான்கு நிமிடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. கோபுரத்திலிருந்து இறங்கி வந்தவரிடம் தர்க்கம் பேசக் கூடாது. அன்றிலிருந்து நான்கு நிமிடம் முடிந்ததும் பாட்டை இறக்கி விளம்பரத்தை ஏற்றிவிடுவேன்.

இனி பெரிய ஆபத்து.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஏழுமலை என்று ஒரு பம்பைக்காரர். பம்பை என்கிற இரட்டை மேளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் வர்ணிப்பு பாடினால் அம்மன் வராமல் இருக்க முடியாது. தலை முதல் கால் வரை அம்மனை வர்ணித்து அழைக்கிற பாட்டு அது. ஒரு கோயில் விழாவில் அதைப் பதிவு செய்யப் போனேன். தொடங்குவதற்கு முன்பே அவர் சொன்னார்: “சார், முன்பாதி அழைக்கறது, பின்பாதி அனுப்பறது. ரெண்டும் ஒரே பாட்டு. நடுவுல எழுந்து போயிடாதீங்க.”

நான் எழுந்து போகவில்லை. மைக்கும் கையுமாக ஓடினேன். முன்வரிசையில் ஒரு அம்மாவுக்குச் சாமி வந்து, நேராக என்னிடம் வந்து, மைக்குக்குப் போட்டிருந்த சிவப்புப் பஞ்சு உறையை உற்றுப் பார்த்தார். எதற்காகப் பார்த்தார் என்று நின்று கேட்கும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. பிறகு பதிவைப் போட்டுக் கேட்டால், ஏழுமலையின் கம்பீரமான குரல், பம்பை, உடுக்கை, அதன் உச்சத்தில் “யம்மாடி!” என்று ஒரு அலறல், தொடர்ந்து யாரோ வரப்பில் விழும் சத்தம், அதோடு பதிவு நின்றிருந்தது. அலறல் என்னுடையது. வரப்பு யாருடையது என்று தெரியவில்லை. அலறலை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பத்திரப்படுத்தினேன். சரியாக நான்கு நிமிடம் இருந்தது. கடவுளே நம் விதிக்கு ஏற்றபடி அளந்து கொடுத்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன்.

அடுத்த புதன்கிழமை பதினோரு மணிக்கு அதைப் போட்டேன். போடுவதற்கு முன் என் நாக்கு சும்மா இருந்ததா? “இந்த வாரம் என் மனசுக்கு ரொம்ப நெருக்கமான பாட்டு. எந்த வேலையில இருந்தாலும் சரி, ஒரு நாலு நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்க” என்றேன். பாட்டு முடிந்ததும் மூட்டுவலித் தைலம் விளம்பரம். நான் தேநீரை எடுத்தேன். தொலைபேசி அடித்தது.

மறுமுனையில் ஒருவர் உதட்டை அசைக்காமல் பேசுவது போலிருந்தது.

“சார்… அடி அண்ணாமலைலேர்ந்து பேசறேன் சார். விக்னேஷ்.”

“சொல்லுங்க விக்னேஷ். பாட்டு எப்படி இருந்தது?”

“சார், மெதுவாப் பேசுங்க. சலூன்ல உக்காந்திருக்கேன். நாளைக்குக் காலைல எனக்குக் கல்யாணம். இன்னைக்கு சாயங்காலம் ரிசப்ஷன். சேவிங் பண்ண வந்தேன். நீங்க கண்ணை மூடிக் கேளுங்கனு சொன்னீங்க இல்ல?”

“ஆமா.”

“சலூன்காரரு மூடிட்டாரு சார்.”

தேநீர் என் மடியில் இருந்தது.

அவர் சொன்னதைக் கோர்வையாகச் சொல்லிவிடுகிறேன். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் சலூன் வைத்திருப்பவர் பலராமன். அவருக்குக் காலை முதல் மாலை வரை நம் வானொலிதான். விக்னேஷின் முகத்தில் நுரை போட்டு, மீசையில் இடது பாதியை எடுத்து முடித்த நேரத்தில் வர்ணிப்பு தொடங்கியது. நேயர் என்றால் அவர் நேயர். நான் சொன்ன சொல்லைத் தட்டாமல் கண்ணை மூடினார். மூன்றாவது நிமிடத்தில் சாமி வந்துவிட்டது. இப்போது இடது கை விக்னேஷின் உச்சி முடியைக் கொத்தாகப் பிடித்திருக்கிறது. வலது கை சவரக் கத்தியோடு மேலே நிற்கிறது. பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரோடு ஓடிவிட்டார்.

“சார், மீசை போனாப் போவுது. தலைய காப்பாத்திக் குடுங்க. பொண்ணு வீட்டுல நாலு மணிக்கு வந்துடுவாங்க.”

எனக்குப் பின்னாலிருந்து பாஷா பாய் கேட்டார்: “இன்னா, மறுபடியும் ரேடியோ செத்துப்போச்சுனு சொல்றாங்களா?”

“ரேடியோ சாகலை பாய். நேயர்தான் சாகப் போறாரு.”

அப்போது தொலைபேசியில் இன்னொரு குரல் கேட்டது. பலராமன் சாதாரணமாக எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியாது. அந்தக் குரல் சாதாரணமானது இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

“பாதியில நிறுத்தினவன் எவன்டா?”

நான் எழுந்து நின்றேன். செருப்பைக் கழற்றினேன். தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். பாஷா பாய் இன்று வரை நடித்துக் காட்டுகிறார்.

“அம்மா, அது வந்து… விளம்பரம்…”

“எனக்கு எதுக்குடா மூட்டுவலித் தைலம்?”

இதற்குச் சரியான பதில் உங்களிடம் இருந்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், என்றாவது பயன்படும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சாமி வந்தது நிஜமா என்று பிற்பாடு பலர் என்னிடம் கேட்டார்கள். கத்தி நிஜம். முடியைப் பிடித்த பிடி நிஜம். பாட்டு பாதியில் நின்றதும் நிஜம், அது என் கைவேலை. இந்த மூன்றும் போதும் எனக்கு. மீதி ஆராய்ச்சியைக் கழுத்துக்கு ஆபத்து இல்லாதவர்கள் செய்யட்டும்.

என் கைப்பேசியில் ஏழுமலையை அழைத்தேன். முழங்கும் இன்ஜின் சத்தத்துக்கு நடுவில் எடுத்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து டவுனுக்கு வரும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

“பாதியவா போட்டீங்க?” என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் பதினான்கு வருட அனுபவமும் வரப்பில் விழுந்தது. “அழைச்சா அனுப்பணும் சார். அனுப்பலனா சாயங்காலம் வரைக்கும் கூட நிக்கும். பின்பாதியப் போடுங்க.”

“பின்பாதி இல்லிங்க.”

“இன்னா இல்லையா? நான் பாடினேனே?”

“நீங்க பாடினீங்க. நான்தான் அங்க இல்ல.”

ஏழுமலை சொன்னார்: “சரி. வந்திருக்கறது யாருன்னு கேளுங்க. ஆத்தா பேரு தெரியாம அனுப்ப முடியாது.”

இடது காதில் பஸ், வலது காதில் சலூன். இதற்குள் பாஷா பாய் விளம்பரத்தை நிறுத்தி மைக்கைத் திறந்துவிட்டார். சலூனில் ரேடியோ ஓடுகிறது, நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான். ஆனால் ரேடியோ சலூனில் மட்டும் ஓடுவதில்லை அல்லவா? மொத்த ஊருக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

“அம்மா, நீங்க யாருன்னு…” என்று இழுத்தேன்.

“என்னைத் தெரியலையாடா உனக்கு?”

தெரிந்த மாதிரி பேசுவதுதான் நம் தொழிலின் முதல் கெட்ட பழக்கம். ஒரு பாட்டை முதல் நாள் இரவு கேட்டுவிட்டு, பிறந்ததிலிருந்து தெரிந்தவன் போல் மறுநாள் பேசுவோம். எனக்கு நாக்கு நுனியில் நான்கு அம்மன் பெயர்கள் வந்துவிட்டன. ஒன்றைச் சொல்லியிருப்பேன். தப்பான பெயராக இருந்தால் அந்தக் கத்தி என்ன நினைக்கும் என்ற எண்ணம் வந்தது. நாக்கை மடக்கிக்கொண்டேன்.

“தெரியலம்மா. சத்தியமாத் தெரியல. எனக்கு எந்தப் பாட்டைப் பத்தியும் ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சா மாதிரி பேசிட்டு இருக்கேன், அவ்ளோதான். மன்னிச்சிடுங்க.”

இதுவும் ஊர் முழுக்க ஒலிபரப்பானது. அடுத்த வாரம் நேயர் கடிதங்களில் இதைத்தான் அதிகம் பாராட்டியிருந்தார்கள்.

அந்தப் பக்கம் மூச்சு மெல்ல இறங்கியது. “பச்சையம்மாடா” என்று வந்தது. குரலில் ஒரு பரிதாபம் இருந்தது, என் மேல்தான்.

ஏழுமலையிடம் சொன்னேன். “சரி, போனை மைக்குல வைங்க” என்றார். “கொட்டு இல்லியே… யம்மா, அந்தப் பிளாஸ்டிக் கொடத்தக் கொஞ்சம் குடும்மா.”

“புதுக் கொடங்க, இப்பதான் வாங்கினேன்” என்றது ஒரு பெண் குரல்.

“ஒடைக்கமாட்டேம்மா. ஒருத்தன் மண்டைய காப்பாத்தணும்.”

கண்டக்டர் குரல் வந்தது: “யோவ், பாடறதுனா எறங்கிப் பாடுய்யா!”

“அண்ணே, ஆத்தாவை அனுப்பணும்ணே. நீ எறக்கிவிட்டா ஆத்தா இங்க வந்து ஏறிக்கும், பரவால்லியா?”

அதற்குப் பிறகு ஆத்தா சீட்டு கேட்டிருந்தாலும் கண்டக்டர் கிழித்துக் கொடுத்திருப்பார்.

குடத்தின் மேல் விரல்கள் விழுந்தன. பம்பைக்கும் பிளாஸ்டிக் குடத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் பாடியது ஏழுமலை. வந்த வழியெல்லாம் பூப் பூத்திருக்கிறது, போகும் வழியெல்லாம் பால் தெளித்திருக்கிறது, காலைப் பார்த்து வை ஆத்தா என்று கெஞ்சிக்கொண்டே வழியனுப்பினார். இரண்டாவது அடியிலேயே பஸ்ஸில் பெண்கள் குலவையிட்டார்கள். டிரைவர் சரியாகத் தாளத்தில் ஹாரன் அடித்தார். தெரிந்து அடித்தாரா, முன்னால் மாடு நின்றதா, தெரியாது.

வலது காதில் விக்னேஷ் நேர்முக வர்ணனை செய்துகொண்டிருந்தார். “கத்தி எறங்குது சார்… காது வரைக்கும் வந்துடுச்சு… முடிப் பிடி லூசாவுது சார்…”

அப்போது பாட்டு நின்றது.

குடமும் நின்றது, குரலும் நின்றது. கைப்பேசிச் சிக்னல் போய்விட்டது, பின்பாதியையும் பாதியில் வெட்டிவிட்டோம் என்று நினைத்தேன். பழக்கம் என்னை விடவில்லை. விளம்பரப் பொத்தானை நோக்கி என் விரல் தானாகப் போனது. மூட்டுவலித் தைலம் தயாராக இருந்தது. பாஷா பாய் செருப்பைக் கழற்றிவிட்டு மாடிப்படியைப் பார்த்தார்.

பொத்தானுக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு சத்தம் கேட்டது. கியர் மாற்றும் சத்தம். பஸ் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

பஸ் கேட்கிறது என்றால் இணைப்பு போகவில்லை. இணைப்பு போகவில்லை என்றால் ஏழுமலை தானாக நிறுத்தியிருக்கிறார். தானாக நிறுத்தியிருக்கிறார் என்றால் அதுவும் பாட்டு. காதலி பேசாமல் போன பையனின் நாற்பது விநாடியைப் போல.

என் விரலை மடக்கி, கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்தேன். இதைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். நடுங்கும்போது கையை அங்கே வையுங்கள். வெறும் பஸ் சத்தம் ஊர் முழுக்க ஒலிபரப்பானது. பாஷா பாய் ஒரு படி ஏறி, என்னைப் பார்த்து, நின்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

மெதுவாக, சலூன் பக்கமிருந்து அந்தக் குரல் கேட்டது, மைக்கில் இருந்த கைப்பேசி வழியாக ஏழுமலைக்கும்தான். “போய்ட்டு வரட்டுமா?”

பஸ்ஸிலிருந்து ஏழுமலை சொன்னார்: “போய்ட்டு வா ஆத்தா.” ஒரே ஒரு அடி, குடத்தின் மேல். அதோடு பாட்டு முடிந்தது.

ஆத்தா கேட்பதற்காகத்தான் அந்த இடத்தில் பாட்டு வாயை மூடுகிறது. நான் விளம்பரம் போட்டிருந்தால் ஆத்தா கேட்டது யாருக்கும் கேட்டிருக்காது.

வலது காதில் நாற்காலி கிறீச்சிடும் சத்தம். தண்ணீர் குடிக்கும் சத்தம். பிறகு ஒரு சாதாரண மனிதரின் குரல், மிகவும் மரியாதையாக:

“தம்பி, ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? ஃபேனை ஜாஸ்தி வைக்கட்டா? மீசையில இந்தப் பக்கம் வெக்கறதா, எடுக்கறதா?”

“எடுத்துடுங்கண்ணா” என்றார் விக்னேஷ். “ஆனா ரேடியோவ மொதல்ல நிறுத்துங்கண்ணா.”

கல்யாணம் நன்றாக நடந்தது. மீசை இல்லாமலே லட்சணமாக இருக்கிறார் என்று பெண் வீட்டில் சொன்னார்களாம். விக்னேஷ் இப்போதும் நம் நேயர். ஒவ்வொரு புதனும் பத்தே முக்காலுக்கு ஒரு செய்தி அனுப்புவார்: ‘சார், இன்னைக்குப் பாட்டு முழுசா இருக்குதா?’ இனி உங்களுக்கு அனுப்புவார். பதில் போட்டுவிடுங்கள். மனிதர் அதைப் பார்த்துவிட்டுத்தான் சவரத்துக்குக் கிளம்புகிறார்.

நான் செய்தது இரண்டு. முதலில் ஏழுமலையிடம் போய், பாட்டை முதலிலிருந்து கடைசி வரை பதிவு செய்தேன். எட்டு நிமிடம். மைக்கின் சிவப்பு உறையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். ஒரு அம்மாவுக்குச் சாமி வந்தது; என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

இரண்டாவது, அடி அண்ணாமலை போய் பலராமனிடம் முடி வெட்டிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கத்தி காதோரம் வந்ததும், எதற்கு வந்தேன் என்பது மறந்துபோய் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அணைந்திருந்தது. அவரேதான் பேச்சை எடுத்தார்.

“அண்ணா, அந்தப் பாட்டு நல்லா இருக்குமாங்க?”

“நீங்கதான கேட்டீங்க?”

“எங்கங்க கேட்டேன்? ஆரம்பத்துல ரெண்டு வரி. அப்புறம் எனக்கு நெனப்பு இல்ல. பின்பாதி பாடும்போதும் நான் இல்ல. ஊரே கேட்டிருக்குது, பஸ்ஸுல போனவங்கல்லாம் கேட்டிருக்காங்க, என் நாற்காலில உக்காந்திருந்த மாப்பிள்ளை ஒரு வரி விடாம கேட்டிருக்காரு. எனக்குத்தான் குடுத்து வெக்கல. நீங்க அவ்ளோ ஆசையா சொன்னீங்களே, கேட்டுப் பாருங்கனு.”

பதினான்கு வருடத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பாட்டைச் சொல்லியிருக்கிறேன். சொன்னபடி கண்ணை மூடியவர் இவர் ஒருவர்தான். பாட்டைக் கேட்காமல் போனவரும் இவர்தான்.

“முழுசாப் போடறேங்க” என்றேன்.

அவர் கத்தியைத் துடைத்தபடி கொஞ்சம் யோசித்தார். “செவ்வாக்கெழமையாப் பாத்துப் போடுங்கண்ணா. அன்னிக்கு சலூன் லீவு. கை சும்மா இருக்கும்.”

அந்த ஒரு வார நிகழ்ச்சியை மட்டும் செவ்வாய்க்கு மாற்ற நிலையத்தில் ஒப்புதல் வாங்குவதற்குள் என் பணிக்காலம் முடிந்துவிட்டது. ஒப்புதல் போன வாரம்தான் வந்தது. பாட்டு கணினியில் ‘முழுசு’ என்ற பெயரில் இருக்கிறது. வரும் செவ்வாய் பதினோரு மணிக்கு நீங்கள் போடுங்கள். எப்படிக் கேட்க வேண்டும் என்று எதுவும் சொல்லாதீர்கள். எட்டாவது நிமிடத்தில் பாட்டு நிற்கும். பாஷா பாயிடம் சொல்லிவிட்டேன், செருப்பைக் கழற்ற மாட்டார். நீங்கள் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டால் போதும்.

இருந்தாலும் பயம் என்னை விடுமா? நேற்று பலராமன் வீட்டுக்கே போன் போட்டேன். அவர் மனைவிதான் எடுத்தார். செவ்வாய்க்கிழமை பாட்டு வருகிறது, வீட்டில் கத்தி கித்தி எதுவும் அவர் பக்கத்தில்… என்று தயங்கினேன். முடிக்க விடவில்லை அவர்.

“காய் நறுக்கறதெல்லாம் பத்து மணிக்குள்ள முடிச்சிட்டு அருவாமனைய பரண் மேல போட்டுடறேண்ணா. நீங்க முழுசாப் போடச் சொல்லுங்க, போதும்.”